ரத்தம் கொடுப்போம், விவரம் கேட்டுக் கொடுப்போம்

(காட்டாங்குளத்தூரில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, போனஸ், குடிமனைப் பட்டா, ரேஷன் ஆகியவைதான் நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படும் விஷயங்கள். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சிறு குப்பி ரத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒரு குப்பி ரத்தத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. அதைக் கேட்டபின் நீங்களே சொல்லுவீர்கள்.

பல்லாவரத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டு வரை போய்ப் பாருங்கள். தாம்பரம் சானடோரியம் என்று ஸ்டேஷனுக்கே ஆஸ்பத்திரியின் பெயர். 1928ல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காகத் தொடங்கியது அது. பிறகு சர்க்கார் ஏற்றுக்கொண்டது. நம் காட்டாங்குளத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி. செங்கல்பட்டில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. அதற்குப் பக்கத்தில் திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். இத்தனை இடங்களிலும் விடியற்காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்கள் யார்? மில்லில் ஷிப்டு முடித்து வந்தவர்களும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும்தான்.

வரிசையில் நிற்கிறவரிடமிருந்து ரத்தம் எடுக்கிறார்கள், சளி எடுக்கிறார்கள், சிறுநீர் வாங்குகிறார்கள், ஆபரேஷன் செய்தால் வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் இது வைத்தியத்துக்காகவே. ஆனால் சில சமயம் ஆராய்ச்சிக்காகவும் எடுப்பதுண்டு. வைத்தியத்துக்கு எடுத்தால் அதன் பலன் கொடுத்தவருக்கே கிடைக்கும். ஆராய்ச்சிக்கு எடுத்தால் பலன் பிற்காலத்தில், வேறு யாருக்கோ போய்ச் சேரும். கொடுத்தவருக்கு ஒன்றுமில்லாமலும் போகலாம். இரண்டும் வேறு வேறு. ஊசியைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஊசி ஒன்றுதான். வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

இதில் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. "ரத்தத்தை உறிஞ்சிச் சீமைக்கு விற்கிறார்கள்" என்று அவ்வப்போது ஊரில் வதந்தி கிளம்புகிறது. தடுப்பூசி போட வந்த நர்சைக் கண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயல்காட்டில் ஒளிகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. சென்னை வில்லிவாக்கத்தில் கடன் தொல்லை தாங்காத ஏழைகள் சிறுநீரகத்தை விற்று, அந்தப் பேட்டைக்கே கிட்னிவாக்கம் என்று பெயர் வந்ததை நாடறியும். 1994ல்தான் அந்த வியாபாரத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. ரத்தத்தை விலைக்கு விற்பதும் 1998 ஜனவரி முதல்தான் தடைசெய்யப்பட்டது. ஆகவே உழைப்பாளி சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சந்தேகத்தோடு நின்றுவிட்டால் நஷ்டம் நமக்கே. ஏன் என்பதற்கு நம் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது.

1956ல் சென்னையில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது அது. அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கு. மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் குணமாகுமா என்பதுதான் கேள்வி. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஏறக்குறையப் பாதிப் பேரைச் சானடோரியத்திலும், மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சளியைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சோதித்தார்கள். அவர்களைப் போன்ற சென்னை நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளை லண்டன் வரை கொண்டுபோய், இங்கிலாந்து நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

முடிவு 1959ல் வெளியாயிற்று. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், நெரிசலான குடியிருப்பில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. இந்த ஒரு முடிவு உலகத்தின் போக்கையே மாற்றியது. வேலையை விட்டு, குடும்பத்தைப் பிரிந்து, படுக்கைக்காகக் காத்துக் கிடந்து சாக வேண்டியதில்லை என்றாயிற்று. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் க்ஷயத்துக்கு மாத்திரை வாங்கி, வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமாகிறவர் எல்லோரும் அந்த 193 பேருக்குக் கடன்பட்டவர்கள். அந்த ஆராய்ச்சியை முன்நின்று நடத்திய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் பெயர் உலகப் புகழ் பெற்றது, நியாயம்தான். ஆனால் சளியைக் கொடுத்த ஏழைகள் இல்லாவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை. விஞ்ஞானத்துக்குத் தொழிலாளியின் உடம்பு கொடுத்த மூலதனம் அது. அதன் பலனும் மாத்திரையாக ஏழையின் வீட்டுக்கே திரும்பி வந்தது. இது நல்ல உதாரணம்.

இனி, அதே சென்னையில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்கிறோம். இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

1985ம் ஆண்டின் கடைசி. எய்ட்ஸ் என்ற புது நோய் அமெரிக்காவில் பரவுகிறது என்று செய்தி. நம் நாட்டில் அது கிடையாது, வரவும் வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம்மிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம், இதைச் சோதித்துப் பார் என்று சொன்னார். விபசார வழக்கில் பிடித்த பெண்களை அடைத்து வைக்கும் விடுதி ஒன்று சென்னையில் இருந்தது. நிர்மலா அங்கே போனார். கையுறைகூட இல்லாமல், பல வாரங்கள், எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வைக்க வசதியில்லாமல் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றை எடுத்துச் சென்றார். சோதனையில் 6 பேருக்கு நோய்க்கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் செய்த மறு சோதனையிலும் அது உறுதியாயிற்று.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ரத்த வங்கிகளில் சோதனை, தடுப்புப் பிரசாரம், சிகிச்சை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு அது. அந்த இளம் டாக்டரின் துணிச்சலையும் அவருடைய ஆசிரியையின் தீர்க்கதரிசனத்தையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன சொல்லப்பட்டது? எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. வழக்கமான மேகநோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் டாக்டர் நிர்மலாவே ஒரு பேட்டியில் இதை ஒளிவு மறைவில்லாமல் கூறினார். அவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள், சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தைத்தான் நாம் ஏற்க முடியாது. ஒரு தனி மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமல்ல. அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றும் எத்தனையோ பேர் அப்படி நினைக்கிறார்கள். "அவனுக்குப் படிப்பில்லை; சொன்னால் புரியாது" என்ற பேச்சு நமக்குப் புதிதா? கணக்குப் புஸ்தகத்தைக் காட்டச் சொன்னால் மிராசுதார் சொல்லும் பதில் அதுதானே! போனஸ் கணக்கை விளக்கச் சொன்னால் மானேஜர் சொல்லும் பதிலும் அதுதானே!

புரியாதா? அந்தப் பெண்களிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். "அம்மா, வெளிநாட்டில் ஒரு புது நோய் வந்திருக்கிறது. ரத்தத்தின் மூலமும் ஆண் பெண் சேர்க்கையின் மூலமும் தொற்றுகிறது. நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்க உன் ரத்தம் கொஞ்சம் வேண்டும். இருந்தால் அதைக் குணப்படுத்த இன்று மருந்து கிடையாது. ஆனால் உனக்கு இருக்கிறதா இல்லையா என்று உன்னிடம் சொல்வோம், மற்றவரிடம் சொல்லமாட்டோம். இஷ்டமில்லையென்றால் கையை நீட்டவேண்டாம். அதனால் உனக்கு ஒரு கெடுதலும் வராது." இவ்வளவுதான். ஒரு நிமிஷப் பேச்சு. இதில் எந்த வார்த்தை உழைக்கிற பெண்ணுக்குப் புரியாது? விதை, உரம், வட்டி, அடமானம் எல்லாம் புரிகிற மூளைக்கு இது மட்டும் எட்டாதா?

இன்னொன்றும் உண்டு. அந்த விடுதி பூட்டிய விடுதி. பூட்டிய கதவுக்குள்ளே இருப்பவள் "மாட்டேன்" என்று சொன்னால் அது செல்லுமா? மறுக்க முடியாதவரின் சம்மதம் சம்மதமாகாது. மில்லில் மருத்துவ முகாம் நடக்கும்போது மானேஜர் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டுங்கள்" என்று சொல்வதும் இதே ரகம்தான். பூட்டு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே வித்தியாசம்.

அதன் விளைவையும் பாருங்கள். சோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்கள் சிலரை, காவல் காலம் முடிந்த பின்னும் வெளியே விடவில்லை. நோயாளிக்கு வைத்தியம் கிடைக்கவில்லை, சிறைதான் கிடைத்தது. சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அவர்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். 1990ல்தான் விடுதலை கிடைத்தது. தேசம் முழுவதற்கும் எச்சரிக்கை மணியடித்த ரத்தம் அது. அதைக் கொடுத்தவர்களின் இனத்துக்கு நாடு தந்த கைம்மாறு பூட்டு!

நம் கைநாட்டின் கதை இங்கே நினைவுக்கு வரவேண்டும். வெற்று புரோநோட்டில் பெருவிரலை வைத்த நம் பாட்டன்மார் பட்ட பாடு கொஞ்சமா? ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். தாளில் ஐந்நூறு ஆயிற்று. மகனும் பேரனும் பண்ணையில் கிடந்தார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாததுதான் விலங்காயிற்று. ஆஸ்பத்திரியில் நீட்டுகிற தாள் இங்கிலீஷில் இருந்து, "இங்கே வை" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அதுவும் ஒரு வெற்று புரோநோட்டுதான்.

இது நம் நாட்டுப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவர். கணவர் இரும்பாலைத் தொழிலாளி. ஐந்து குழந்தைகள். 1951ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோடு போனார். கட்டியிலிருந்து ஒரு துண்டை, அவரிடம் கேட்காமலே, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டிலேயே, 31ம் வயதில், அவர் இறந்துபோனார். ஆனால் அந்தத் துண்டின் உயிரணுக்கள் சாகவில்லை. கண்ணாடிக் குப்பிக்குள் பெருகிக்கொண்டே இருந்தன. உலகம் முழுவதும் போயின. இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியைச் சோதிக்க உதவின. கம்பெனிகள் அவற்றை வளர்த்து விற்று லாபம் சம்பாதித்தன. இருபதாண்டுகளுக்கு மேல் குடும்பத்தாருக்கு எதுவும் தெரியாது. வைத்தியச் செலவுக்கே அந்தப் பிள்ளைகள் திண்டாடினார்கள். கடைசியில் 2023 ஆகஸ்டில்தான் தெர்மோ ஃபிஷர் என்ற பெரிய கம்பெனி அந்தக் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது. 72 ஆண்டுகள்! வயலில் உழைத்தவர், ஆலைத் தொழிலாளியின் மனைவி. இங்கே கூடியிருக்கிற நம்மில் ஒருத்தி போலத்தானே அவர்!

அதே அமெரிக்காவில் ஹவசுப்பாய் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதியை ஆராயவேண்டும் என்று சொல்லி அவர்களிடம் ரத்தம் வாங்கினார்கள். பிறகு, மூளைக்கோளாறு பற்றியும், அவர்கள் எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் ஆராய அதே ரத்தத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரு காரியத்துக்கு வாங்கி இன்னொரு காரியத்துக்குச் செலவழித்தால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர்? அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுகூடி வழக்காடினார்கள். 2010ல் அரிசோனா மாநில சர்வகலாசாலை அவர்களில் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. மீதமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. சிறு கூட்டம்தான். சேர்ந்து நின்றார்கள்; வென்றார்கள்.

நம் நாட்டில் விதிகள் இல்லையா? இருக்கின்றன. 1980லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அது காகிதத்தில் இருந்தது; 1985ல் அந்த விடுதி வாசல் வரை வந்து சேரவில்லை. 2017ல் கவுன்சில் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது என்கிறது. புது மருந்துகளைச் சோதிப்பதற்கு 2019ம் வருஷ விதிகள் உள்ளன.

இவற்றில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆராய்ச்சி விவரம் நமக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆராய்ச்சியில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி முழு விளக்கத்தையும் கூட இருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஆராய்ச்சியை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் டாக்டர்களோடு சாதாரணப் பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். மாதிரிகளைச் சேமித்து வைக்கும் நிலையம் காவல்காரன்தான். கொடுத்தவரே உடைமையாளர் என்று 2017ம் வருஷ நெறி சொல்கிறது. அதிலிருந்து வியாபார லாபம் வந்தால் கொடுத்தவர்களுக்கும் பலன் சேர வழி செய்யவேண்டும் என்றும் அது சொல்கிறது.

நல்ல விதிகள்தான். ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நல்ல சட்டம்தானே! கேட்கிறவன் இருக்கும் இடத்தில்தான் அது கூலியாகிறது. கேட்காத இடத்தில் கெஜட்டில் தூங்குகிறது. இந்த விதிகளும் அப்படித்தான். அவற்றிலும் சந்து பொந்து உண்டு. பெயர் நீக்கிய மிச்ச மாதிரிகளுக்கு மறுபடி சம்மதம் கேட்க வேண்டாம் என்று குழு விலக்குக் கொடுக்க முடியும். வழிகாட்டு நெறி முழுவதுக்கும் சட்டத்தின் பலமும் கிடையாது. ஆகவே கண்காணிப்பு நம் பொறுப்பு.

எப்படிக் கண்காணிப்பது? ஊசி பக்கத்தில் வரும்போது ஆறு கேள்விகள் கேட்போம்.

ஒன்று: இது என் வைத்தியத்துக்கா, ஆராய்ச்சிக்கா?

இரண்டு: ஆராய்ச்சிக்கு என்றால், எதைக் கண்டுபிடிக்க? பிறகு வேறு எதற்காவது பயன்படுத்துவீர்களா?

மூன்று: என் உடம்புக்கு இதனால் என்ன கஷ்டம் வரும்? வந்தால் யார் பொறுப்பு?

நான்கு: முடிவு யார் கைக்குப் போகும்? எனக்குச் சொல்வீர்களா? முதலாளிக்குச் சொல்லாமல் இருப்பீர்களா? ரத்தத்தில் ஒரு வியாதி தெரிந்ததும் வேலை போகும் என்றால், அந்த ஊசி ரத்தத்தோடு சோற்றையும் சேர்த்து எடுத்துவிடும்.

ஐந்து: மாதிரியை எங்கே, எத்தனை காலம் வைப்பீர்கள்? வெளிநாட்டுக்கோ கம்பெனிக்கோ போகுமா?

ஆறு: மாட்டேன் என்றால் என் வைத்தியம் நிற்குமா? நான் ஒப்பமிட்ட தாளில் எனக்கு ஒரு பிரதி தருவீர்களா?

தனியாக நிற்பவர் இதைக் கேட்கத் தயங்குவார். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சங்கத்தில் பேசுகிறோம். ஊருக்குள் முகாம் வருகிறது என்றால், முந்திய நாளே சங்கத்தில் கூடி, படித்த பிள்ளைகளை வைத்துத் தாளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சாட்சி வேண்டுமென்றால் நமக்கு வேண்டியவர் ஒருவர் கூடப் போகட்டும். பெண்களுக்குப் பெண்கள் துணை போகட்டும். நம் பெண்களும் பிள்ளைகளும் நர்சாக, ஆய்வுக்கூட உதவியாளராக இதே ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறார்கள். "கேட்காமல் எடுக்காதே" என்பதை அவர்களும் தங்கள் தொழில் தர்மமாகக் கொள்ளட்டும்.

"இப்படி ஆளுக்கு ஆறு கேள்வி கேட்டால் ஆராய்ச்சி எப்படி நடக்கும்? கிருமி காத்திருக்குமா?" என்று ஒரு ஆட்சேபம் எழலாம். நியாயமான ஆட்சேபம்தான்; பதில் சொல்ல வேண்டியதுதான். ஒரு மனிதருக்கு விளக்க ஆகும் நேரம் சில நிமிஷம். விளக்காமல் எடுத்து, அது பின்னால் வெளியே தெரிந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டால் எத்தனை ஆண்டு நஷ்டம்! ஏமாந்த ஊரில் அடுத்த தடுப்பூசிக்குக்கூட ஆள் வரமாட்டார்கள். நம்பிக்கைதான் ஆராய்ச்சிக்கு முதல். அதை அழித்துவிட்டு எந்த விஞ்ஞானமும் ஏழை மக்களிடையே வேலை செய்ய முடியாது. விவரம் சொல்லிக் கேட்கிற டாக்டருக்கு நம் மக்கள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்றால் நள்ளிரவில் சைக்கிளை மிதித்துப் போகிறவர்கள் நம் மில் இளைஞர்கள்தானே!

தாம்பரம் சானடோரியத்தையே பாருங்கள். க்ஷயத்துக்காக எழுந்த ஆஸ்பத்திரி பிறகு எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்குச் சர்க்கார் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, நாட்டில் முதன்முதல் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. அந்த மாத்திரைக்குப் பின்னால் எத்தனை நாட்டு ஏழைகளின் ரத்தம் இருக்கிறது! விடுதியில் பெயர் தெரியாமல் கை நீட்டிய அந்தப் பெண்களின் ரத்தமும் இருக்கிறது. அவர்கள் கொடுத்தது வீண்போகவில்லை. ஆனால் அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை சேரவில்லை. அடுத்துக் கை நீட்டுகிறவருக்காவது அது சேரட்டும்.

தோழர்களே! மனித அறிவு வளர நம் உடம்பு உதவுமென்றால் அது பெருமை. ரத்தம் கொடுப்போம், சளி கொடுப்போம், செத்தபின் உடலையும் கொடுப்போம். ஆனால் கொடுக்கிறவர் நாம், எடுத்துக்கொள்ளப்படும் சரக்கல்ல. புரியாத தாளில் இனி ஒரு கைநாட்டும் விழக்கூடாது. புரியச் சொல்லட்டும். அதன் பிறகு நம் கை தானாக நீளும்.